அற்றுப்போகும் உயிரினங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை நோக்குவோர் கூடும் இடங்களிலும் கல்லூரிக் கூட்டங்களிலும் உயிரினங்களின் அழிவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தான் என்னிடம் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் அவசரமாகப் பாதி விடை சொல்லிவிட்டு வருவது மனத்துக்கு நிறைவாக இல்லை என்பதால், அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைச் சுட்டியிருப்பதால், முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

1. புவிமாற்றம், புவிமாற்றம் என்கிறீர்களே, அது காலநிலை மாற்றம்தானே?

காலநிலை மாற்றம் அதில் ஒரு பகுதி. மனிதர்களின் செயல்களால் பூமி முழுவதும் ஒரே காலத்தில் நிகழ்ந்துவரும் பல மாற்றங்களையும் சேர்த்தே ஆய்வாளர்கள் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். உயிரினப் பன்மை குறித்து அரசுகளுக்கு அறிவுரை கூறும் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு, 2019-இல் வெளியிட்ட உலக மதிப்பீட்டில் ஐந்து காரணங்களை அவற்றின் தாக்கத்தின் வரிசையில் வைத்தது. நிலத்தையும் கடலையும் நாம் பயன்படுத்தும் முறை மாறியது முதலாவது. வேட்டை, மீன்பிடி, மரம் வெட்டுதல் போன்ற நேரடிச் சுரண்டல் இரண்டாவது. அதன் பின்னரே காலநிலை மாற்றம், மாசு, அயல் இனங்களின் பரவல் ஆகியவை வருகின்றன. கடலை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் மீன்பிடிப்பே முதலிடம் பெறுகிறது.

இந்த ஐந்தும் தனித்தனியே வந்து தாக்குவதில்லை என்பதுதான் ஆய்வைக் கடினமாக்குகிறது. நீலகிரியின் புல்வெளிகளில் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டது நிலப்பயன்பாட்டு மாற்றம். நட்ட எல்லையைத் தாண்டிச் சீகை தானாகவே பரவுவது அயல் இனப் பரவல். அதே மலையில் வெப்பம் உயர்வது காலநிலை மாற்றம். உயரமான புல்வெளிகளில் மட்டுமே வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்கு இவை மூன்று தலைப்புகள் அல்ல, ஒரே நெருக்கடி.

2. ஓர் உயிரினம் அடியோடு அற்றுப்போய்விட்டது என்று யார் முடிவு செய்கிறார்கள்? எங்கேயோ ஒன்று ஒளிந்திருக்காதா?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964-ஆம் ஆண்டு முதல் சிவப்புப் பட்டியலைப் பேணி வருகிறது. கடைசி உயிரியும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் எஞ்சாதபோதுதான் ஓர் இனத்தை 'அற்றுவிட்டது' என்று அதில் குறிக்க வேண்டும். வாழக்கூடிய இடங்கள் அனைத்திலும், அந்த உயிரி வெளிப்படும் நேரத்திலும் பருவத்திலும், முழுமையாகத் தேடியிருக்க வேண்டும் என்பது விதி.

ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் இடையிலுள்ள பிராம்பிள் கே என்ற மணல்திட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சில ஹெக்டேர் பரப்பே கொண்ட, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் மட்டுமே உயர்ந்த அந்தத் திட்டில் பிராம்பிள் கே மெலோமிஸ் என்ற எலியினம் வாழ்ந்தது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. கடைசியாக 2009-இல் தென்பட்ட அதை 2014-இல் ஆய்வாளர்கள் தேடிச் சென்றபோது, 900 பொறி-இரவுகள் (ஒரு பொறியை ஓர் இரவு வைப்பது ஒரு பொறி-இரவு) தேடியும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. மீண்டும் மீண்டும் ஏறிய கடல்நீர் திட்டின் செடிகொடிகளை அழித்திருந்தது. ஆஸ்திரேலிய அரசு 2019-இல் அதன் அழிவை ஏற்றுக்கொண்டது. மனிதர்களால் ஏற்பட்ட காலநிலை மாற்றத்துக்குப் பலியானதாகப் பதிவான முதல் பாலூட்டி அதுவே. இடம் மிகச் சிறியது என்பதால் அங்கே ஐயத்துக்கு இடமில்லாமல் தேட முடிந்தது.

பெரிய காடுகளில் அப்படி முடியாது. இலங்கையில் 1853-இல் விவரிக்கப்பட்ட ஒரு புதர்த்தவளை அற்றுவிட்டதாகவே பட்டியலில் இருந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2009-இல், சிவனொளிபாதமலைக் காடுகளில் அது உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டது. அவசரப்பட்டு அறிவிப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. பிலிப்பைன்ஸின் செபு தீவில் காடே எஞ்சவில்லை என்று நம்பி, அங்கு மட்டுமே வாழும் ஒரு பூக்கொத்திப் பறவையை இறந்த கணக்கில் எழுதிவிட்டார்கள். 1992-இல் அது மறுபடி தென்பட்டது. இல்லாத பறவைக்காக யாரும் காட்டைக் காக்க மாட்டார்கள் என்பதால், தவறான அறிவிப்பே உண்மையான அழிவுக்கு வழிவகுத்துவிடக்கூடும். அதனால்தான் அந்தப் பட்டியல் இவ்வளவு தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

3. அழிவாபத்து என்பதை எப்படி அளக்கிறார்கள்? தோராயமாகச் சொல்வதுதானே?

தோராயமாகச் சொல்லிவந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தவிர்க்கவே இன்று எல்லா இனங்களுக்கும் பொதுவான ஐந்து அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது, வாழிடப் பரப்பு எவ்வளவு சிறியது, எண்ணிக்கை குறைவாக இருப்பதோடு மேலும் சரிகிறதா, எண்ணிக்கை அபாயகரமான அளவுக்குச் சிறியதா, கணித மாதிரிகள் அழிவின் நிகழ்தகவை எவ்வளவு என்கின்றன என்பவை அவை. ஐந்தில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே போதும். பொருந்துபவற்றுள் மிகக் கடுமையான நிலையே அந்த இனத்துக்கு வழங்கப்படும்.

முதல் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 10 ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றுள் எது நீண்டதோ அந்தக் காலத்தில் எண்ணிக்கை 80% குறைந்திருந்தால் 'மிக அருகிய இனம்', 50% என்றால் 'அருகிய இனம்', 30% என்றால் 'அழிவாய்ப்பு இனம்'. (குறைவுக்கான காரணம் தெரிந்து, அது முற்றிலும் நின்றும் போயிருந்தால் வரம்புகள் சற்றுத் தளரும்.) எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நான்காவது அளவுகோலில், இனப்பெருக்கம் செய்யத் தக்கவை 50-க்கும் குறைவு என்றால் மிக அருகியது, 250-க்கும் குறைவு என்றால் அருகியது. இந்த மூன்று நிலைகளையும் சேர்த்துத்தான் 'அழிவு அச்சுறுத்தலில் உள்ளவை' என்கிறார்கள். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் மதிப்பிடப்பட்டிருந்த 1,66,000-க்கும் மேற்பட்ட இனங்களில் 46,000-க்கும் மேற்பட்டவை அந்த நிலையில் இருந்தன.

ஐந்தாவது அளவுகோலே இதன் உட்பொருளை வெளிப்படையாகச் சொல்கிறது. அடுத்த 100 ஆண்டுகளில் அற்றுப்போகும் வாய்ப்பு 10% இருந்தாலே அது அழிவாய்ப்பு இனம். ஆகவே பட்டியலில் ஒரு பெயர் ஏறுவது மரண அறிவிப்பு ஆகாது. மருத்துவர் இரத்த அழுத்தத்தை அளந்து எச்சரிப்பதற்கு அது நெருக்கமானது.

4. ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை ஏன் ஆபத்தில் இருக்கிறது என்கிறீர்கள்?

நம் நாட்டுப் பாறுக் கழுகுகளின் கதை இதற்கு முழுமையான விடை. வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாகக் காணப்பட்ட பெரிய ஊனுண்ணிப் பறவைகளுள் ஒன்று. 1980-களில் அதை ஆபத்திலுள்ள பறவை என்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் அதன் எண்ணிக்கை 99.9% சரிந்தது. கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்ற மருந்தே காரணம் என்பது 2004-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. மருந்து தங்கிய சடலத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே அந்தச் சரிவு நிகழ்ந்துவிடும் என்று கணக்கீடுகள் காட்டின. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவையால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. 2006-இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் எஞ்சிய பாறுகளின் முக்கியப் புகலிடம் இன்று முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கு.

எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட அது எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்பதே பல வேளைகளில் முக்கியமானது. மாறாக, சிறிய எண்ணிக்கையே நேரடி ஆபத்தாகும் இனங்களும் உண்டு. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் சங்கப் பாடல்களில் வருடை என்று பெயர் பெற்றதுமான வரையாடு, 2024-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 1,031 மட்டுமே இருந்தது. அவையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற மலைமுகடுகளில் சிறு கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு நோயோ ஒரு பெருந்தீயோ ஒரு முகட்டைக் காலி செய்துவிட்டால், பக்கத்து முகட்டிலிருந்து வந்து நிரப்ப வழியில்லை.

5. பத்து லட்சம் இனங்கள் அழியப் போகின்றன என்று படித்தேன். அத்தனையையும் யார் எண்ணினார்கள்?

யாரும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை, எண்ணவும் இயலாது. கேள்வி 1-இல் சொன்ன 2019 மதிப்பீட்டில் வந்த எண் அது. அது உருவான முறை எளிது. அதைத் தெரிந்துகொண்டால் அந்த எண்ணை மிகையாகவும் பயன்படுத்த மாட்டோம், பொய் என்று ஒதுக்கவும் மாட்டோம்.

பூமியில் ஏறத்தாழ 80 லட்சம் விலங்கு, தாவர இனங்கள் இருப்பதாகவும், அவற்றுள் 55 லட்சம் பூச்சிகள் என்றும் மதிப்பீட்டாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாலூட்டி, பறவை, தவளை, பவளம் என்று நன்கு ஆராயப்பட்ட குழுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு அச்சுறுத்தலில் உள்ளது. பூச்சிகளைப் பற்றிய தகவல் குறைவு என்பதால், எச்சரிக்கையோடு பத்தில் ஒரு பங்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். 55 லட்சத்தில் பத்தில் ஒன்று ஐந்தரை லட்சம். மீதி 25 லட்சத்தில் நான்கில் ஒன்று ஆறேகால் லட்சம். கூட்டினால் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அதைச் சுருக்கி 'ஏறத்தாழ பத்து லட்சம்' என்றார்கள். அவற்றுள் பல அடுத்த சில பத்தாண்டுகளிலேயே அற்றுப்போகக்கூடும் என்றும் அறிக்கை கூறியது. 'அச்சுறுத்தலில் உள்ளவை' என்பதன் பொருள் கேள்வி 3-இல் உள்ளதுதான். 'பத்து லட்சம் அழியும்' என்று எழுதும்போது அந்தச் சொல் காணாமல் போய்விடுகிறது.

6. 1970-க்குப் பிறகு வனவிலங்குகளில் 73% செத்துவிட்டன என்கிறார்களே, அது உண்மையா?

எண் உண்மை, அந்த வாக்கியம் தவறு. 'வாழும் கோள்' குறியீட்டின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, 1970-க்கும் 2020-க்கும் இடையில் கண்காணிக்கப்பட்ட முதுகெலும்புள்ள விலங்குக் கூட்டங்களின் அளவு சராசரியாக 73% குறைந்தது என்றது. சராசரி எடுக்கப்பட்டது கூட்டங்களின் சரிவு விகிதத்துக்கே தவிர, மொத்த விலங்குகளின் தலைக்கணக்குக்கு அல்ல.

ஒரு குளத்தில் 10 தவளைகள் இருந்து 1 ஆகிவிட்டன. ஓர் ஏரியில் 1,000 நாரைகள் இருந்து 900 ஆகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 90% சரிவு, இரண்டாவது 10% சரிவு, சராசரி 50%. ஆனால் 1,010 உயிர்களில் மறைந்தவை 109 மட்டும், அதாவது 11%. குறியீட்டின் உண்மையான கணக்கு இதைவிட நுட்பமானது என்றாலும் குழப்பம் எழும் இடம் இதுதான். மிகக் கடுமையாகச் சரிந்த சில கூட்டங்கள் இந்தச் சராசரியைப் பெரிதும் கீழே இழுக்கின்றன என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. 3 விழுக்காட்டுக்கும் குறைவான அந்தக் கூட்டங்களை விலக்கினால் உலக அளவிலான பொதுச் சரிவு தெளிவாகத் தெரியவில்லை.

அப்படியானால் கவலை வேண்டாமா என்று இதைக் கேட்டவர்கள் உடனே கேட்பதுண்டு. கடுமையாகச் சரியும் கூட்டங்கள் எங்கே, எவை என்று கண்டுபிடிப்பதுதான் காப்பவர்களுக்கு வேண்டியது. ஒற்றைச் சராசரி எண் அதைச் சொல்லாது. நான் பேசும்போது இந்த 73 என்ற எண்ணைப் பயன்படுத்துவதில்லை. ஒருவர் அதைத் தவறு என்று மறுத்துவிட்டால், நாம் சொன்ன மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து விழுந்துவிடுகின்றன.

7. டைனோசர் காலத்திலிருந்தே உயிரினங்கள் அழிந்துகொண்டுதானே வருகின்றன? இது இயற்கைதானே?

அழிவது இயற்கை. வேகம் இயற்கை அன்று. பெரும்பாலான பகுதிகளில் உயிர்வாழ்வு சீராக இருந்த காலங்களில், பத்து லட்சம் இனங்களுக்கு ஆண்டுக்கு ஒன்று அளவிலோ அதற்கும் குறைவாகவோ அற்றுப்போயிருக்கும் என்று தொல்லுயிர் எச்சங்களும் மரபணு ஒப்பீடுகளும் காட்டுகின்றன. இன்றைய வேகம், எந்தக் கணக்கை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்து, அதைப்போல் பல பத்து மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை மதிப்பிடப்படுகிறது.

பூமியின் வரலாற்றில் ஐந்து பெருமழிவுகள் நிகழ்ந்துள்ளன. டைனோசர்களைக் கொண்டுபோனது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஐந்தாவது. ஒவ்வொன்றுக்குப் பின்னும் உயிர்ப்பன்மை மீண்டது, ஆனால் அதற்குப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆயின. நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் எதுவும் மீளாது.

8. வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி கூடினால் ஓர் இனமே எப்படி அழியும்? வெயில் தாங்காமல் செத்துவிடுமா?

சில வேளைகளில் நேரடியாகவே நிகழ்கிறது. 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் பகுதியில் வீசிய வெப்ப அலையில் ஒரே பழவௌவால் இனத்தில் 23,000-க்கும் மேற்பட்டவை மடிந்தன. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த அவ்வினத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. ஆனாலும் வெப்பம் பெரும்பாலும் சுற்றிவளைத்தே கொல்கிறது. மற்ற உயிர்களோடு உள்ள உறவு பிசகும்போதுதான் அழிவு வருகிறது.

ஹவாய்த் தீவுகளின் தேன்பறவைகளைப் பாருங்கள். அங்கே முன்பு கொசுக்களே கிடையாது. 1826 வாக்கில் கப்பல்களோடு வந்து சேர்ந்தன. பின்னர் பறவை மலேரியாவும் வந்தபோது, எதிர்ப்பாற்றல் இல்லாத தேன்பறவைகள் தாழ்நிலங்களில் மறைந்து, கொசு வாழ முடியாத குளிர்ந்த மலைகளில் மட்டும் எஞ்சின. இப்போது வெப்பம் உயர உயரக் கொசுக்கள் மேலே ஏறுகின்றன. அமெரிக்க அரசு 2023-இல் அற்றுப்போனதாக அறிவித்த 21 இனங்களில் 8 ஹவாயின் காட்டுப் பறவைகள், அவற்றுள் பெரும்பாலானவை தேன்பறவைகள். அயல் இனம், நோய், வெப்பம் ஆகிய மூன்றும் கைகோத்த கொலை அது. நெதர்லாந்தில் வேறு விதம். ஆப்பிரிக்காவிலிருந்து வலசை வரும் ஓர் ஈப்பிடிப்பான் வந்து குஞ்சு பொரிப்பதற்குள், முன்கூட்டியே வந்துவிட்ட வசந்தத்தில் கம்பளிப்புழுக்களின் பருவம் முடிந்துவிடுகிறது. புழுக்கள் மிக முன்கூட்டி வந்த காடுகளில் அப்பறவை ஏறத்தாழ 90% குறைந்தது.

கடலாமைகளில் இன்னும் விந்தையானது. மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளில் 99% பெண்கள் என்று 2018-இல் தெரியவந்தது. நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் இதே விதிதான். எல்லா ஆமைகளும் நலமாகவே நீந்திக்கொண்டிருக்கும், ஆனால் ஓர் நாள் ஆண் போதாமல் போகும்.

9. மலையில் இருக்கிற உயிரினங்கள் குளிர்ச்சி தேடி மேலே ஏறிக்கொள்ளாதா?

ஏறுகின்றன. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஆகவே உலகம் ஒரு டிகிரி சூடானால், பழைய குளிரைப் பெற ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போக வேண்டும். கடலோரத்திலிருந்து பார்க்க அது எளிதாகத் தோன்றும். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அதற்கு மேல் ஏற மலை இல்லை. மேலே போகப் போகப் பரப்பும் சுருங்குகிறது.

பெரு நாட்டின் பாந்தியகோயா மலையில் 1985-இல் எடுத்த பறவைக் கணக்கை 2017-இல் அதே தடத்தில் மீண்டும் எடுத்தார்கள். பெரும்பாலான பறவைகள் மேலே நகர்ந்திருந்தன. உச்சியில் மட்டும் வாழ்ந்தவற்றில் சில கிடைக்கவே இல்லை. அந்த மலையில் காடு வெட்டப்படவில்லை என்பதால் பழியை வேறு எதன் மீதும் போட முடியவில்லை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளும் புல்வெளிகளும் உயரத்தில் மிதக்கும் தீவுகள் போன்றவை. நீலகிரிச் சிரிப்பான் நீலகிரியை விட்டு ஆனைமலைக்குப் போக வேண்டுமானால் வெப்பமான பாலக்காட்டுக் கணவாயைக் கடக்க வேண்டும். புதருக்குள் தத்தித் திரியும் அப்பறவை அப்படிக் கடப்பதில்லை. மேலே ஏற நினைத்தாலும் வழியில் தேயிலையும் சீகையும் ஊரும் நிற்கின்றன. 'மேலே போய்விடும்' என்ற ஒற்றை விடையில் இந்த மலைகளின் தரை வரைபடம் இல்லை. என்னை மிகவும் வருத்துவது இந்தக் கேள்விதான். கேட்பவர்களில் பலர் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அந்தப் பறவைகளைப் பார்த்து மகிழ்ந்தவர்கள்.

10. பரிணாமம் என்று ஒன்று இருக்கிறதே, அவை மாறிக்கொள்ளாதா?

சில மாறும். தலைமுறைக்காலம் குறைவாகவும் எண்ணிக்கை மிகுதியாகவும் உள்ள பூச்சிகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் வாய்ப்பு அதிகம். கேள்வி 8-இன் கொசு நன்றாகவே மாறிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான முதுகெலும்பிகளை ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நூற்றாண்டில் எதிர்பார்க்கப்படும் வெப்ப உயர்வுக்கு ஈடுகொடுக்க, அவை கடந்த காலத்தில் மாறிய வேகத்தைப்போல் 10,000 மடங்குக்கும் மேலான வேகம் தேவைப்படும் என்றது. எண்ணிக்கை குறைந்த கூட்டத்தில் மரபணு வேறுபாடும் குறைந்திருக்கும் என்பதால், மாற வேண்டிய கட்டாயம் மிகுந்த இனங்களுக்கே மாறும் வசதி குறைவு.

11. காடு இன்னும் இருக்கிறது, எல்லா விலங்கும் கேமராவில் பதிவாகின்றன. அப்புறம் என்ன அழிவு?

வாழிடம் சுருங்கிய அன்றே இனங்கள் மறைவதில்லை. பரப்புக்கும் இன எண்ணிக்கைக்கும் உள்ள உறவைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு காட்டில் 90% அழிந்தால் அங்கு மட்டுமே வாழ்பவற்றில் ஏறத்தாழ பாதி இறுதியில் மறையும். 'இறுதியில்' என்பது பல பத்தாண்டுகளாகவோ நூற்றாண்டாகவோ இருக்கலாம். முதிர்ந்த மரம் 200 ஆண்டு நின்றுகொண்டே இருக்கும், ஆனால் அதன் விதையைப் பரப்பிய பறவை போய்விட்டால் நாற்று ஒன்றும் முளைக்காது. ஏற்கெனவே நேர்ந்துவிட்ட இழப்புக்காகப் பின்னர் செலுத்த வேண்டிய இந்த அழிவை ஆய்வாளர்கள் அழிவுக்கடன் என்கிறார்கள்.

கடன் என்ற சொல் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. கடன் வசூலாகும் முன்பே அதை அடைக்கவும் முடியும். துண்டான காடுகளை மரவரிசைகளால் இணைப்பதும், சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பதும் அந்த இடைவெளியில் செய்யக்கூடிய வேலைகள்.

12. ஒரு வருடம் மூன்றில் ஒரு பங்கு அழியும் என்கிறார்கள், இன்னொரு வருடம் இருபதில் ஒன்று என்கிறார்கள். மாதிரிகளை எப்படி நம்புவது?

இரண்டு எண்களும் எதற்கு விடை என்று முதலில் பார்க்க வேண்டும். 2004-இல் வெளியாகிப் பெரும் பேச்சுக்குள்ளான ஆய்வு, உலகின் சில பகுதிகளைச் சேர்ந்த 1,103 இனங்களை எடுத்துக்கொண்டு, நடுத்தர வெப்ப உயர்வில் 2050-க்குள் 15 முதல் 37% வரை 'அழிவை நோக்கிச் சென்றுவிடும்' என்றது. 2050-இல் இறந்திருக்கும் என்று அது சொல்லவில்லை. அதற்குள் கேள்வி 11-இன் கடன் வாங்கப்பட்டுவிடும் என்பதே பொருள். அம்மாதிரிகள், ஓர் இனம் இன்று வாழும் இடங்களின் வெப்பத்தையும் மழையையும் அளந்து, எதிர்காலத்தில் அதே நிலை எங்கே இருக்கும் என்று தேடுகின்றன. அந்த இடத்துக்கு இனத்தால் போய்ச்சேர முடியுமா என்ற ஒரே ஊகத்தை மாற்றினாலே விடை பெரிதாக மாறிவிடும்.

பின்னர் 2015-இல் 131 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, 2 டிகிரி உயர்வில் 5.2%, 4.3 டிகிரியில் 16% என்று கணித்தது. 2024-இல் 485 ஆய்வுகளைத் தொகுத்தபோது, 1.5 டிகிரியில் 1.8%, 2.7 டிகிரியில் ஏறத்தாழ 5%, 5.4 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றது. ஆகவே கேள்வியில் உள்ள இரண்டு எண்களும் ஒரே பகுப்பாய்வில் அருகருகே இருக்கக்கூடியவை. வெப்பம் எவ்வளவு உயரும் என்பதைப் பொறுத்து எது உண்மையாகும் என்பது முடிவாகும்.

என் கருத்தில், ஒரு குறிப்பிட்ட இனத்தைப் பற்றிய மாதிரியின் முடிவை உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்பம் கூடக் கூட ஆபத்து நேர்கோட்டில் அல்லாமல் செங்குத்தாக ஏறுகிறது என்பதை மட்டும் எல்லா மாதிரிகளும் ஒருமித்துச் சொல்கின்றன.

13. 'தரவு போதாது' என்று போட்டிருந்தால் ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை, பெரும்பாலும் நேர்மாறு. அரிதாகவும் சிறிய இடத்திலும் வாழ்பவற்றைப் பற்றித்தான் தகவல் கிடைப்பதில்லை. அப்படிக் குறிக்கப்பட்ட 7,699 இனங்களை 2022-இல் ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 56% அச்சுறுத்தலில் இருக்கக்கூடும் என்று கணித்தார்கள். தவளை, தேரை உள்ளிட்ட இருவாழ்விகளில் அது 85%. புதிய தவளை இனங்கள் விவரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

14. சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் சட்டப் பாதுகாப்பு தானாக வந்துவிடுமா?

வராது. அது அறிவியல் மதிப்பீடு மட்டுமே. இந்தியாவில் பாதுகாப்பு தருவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள். 2022 திருத்தம் அவற்றை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தது. சிவப்புப் பட்டியலும் இந்த அட்டவணைகளும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

15. ஏதோ ஒரு பறவை போனால் மனிதனுக்கு என்ன நஷ்டம்?

கேள்வி 4-இன் பாறுகளுக்கே திரும்புவோம். பாறுகள் மறைந்ததும் கால்நடைச் சடலங்கள் ஊரோரங்களில் அழுகின, நாய்கள் பெருகின, நீர் மாசடைந்தது. பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் முன்பே இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று, 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கூடுதலாக இறந்ததாக மதிப்பிட்டது. எல்லா இனத்துக்கும் இப்படிக் கணக்குக் காட்ட முடியாது. காட்ட முடியாததால் மட்டுமே ஓர் இனம் வாழத் தகுதியற்றது என்றும் நான் நினைக்கவில்லை.

16. இத்தனை வருடமாக எண்ணியும் எழுதியும் எதையாவது காப்பாற்றியிருக்கிறார்களா?

காப்பாற்றியிருக்கிறார்கள். 1993-க்குப் பின் எடுத்த முயற்சிகள் இல்லாமல் போயிருந்தால் 28 முதல் 48 வரையான பறவை, பாலூட்டி இனங்கள் இந்நேரம் அற்றுப்போயிருக்கும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் வாழும் ஐபீரியக் காட்டுப்பூனையான லின்க்ஸ், 2001-இல் 62 முதிர்ந்த உயிரிகளாகச் சுருங்கியிருந்தது. முயல்களைப் பெருக்கியும், வளர்த்து விட்டும், வாழிடங்களை இணைத்தும் 2022-இல் அதை 648 ஆக்கினார்கள். கேள்வி 8-இல் வந்த பேராமை, பல பத்தாண்டுப் பாதுகாப்புக்குப் பின் 2025 அக்டோபரில் 'அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டுக் கவலை குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது. அதே ஆமையின் குஞ்சுகளில் பெண்களே மிகுதி என்பதையும் மறக்க வேண்டாம். வேட்டையை நிறுத்தியதால் கிடைத்த வெற்றி வெப்பத்துக்கு மருந்தாகாது.

17. நான் ஆராய்ச்சியாளர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பறவை பார்ப்பவன். என் குறிப்பு எதற்காவது ஆகுமா?

ஆகும், அதுவும் மிகப் பெரிய அளவில். 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்குவோர் இபேர்டு என்ற இணையப் பதிவுத் தளத்தில் இட்ட 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அவற்றுள் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. நீண்டகாலப் போக்கைக் கணக்கிட முடிந்த 338 இனங்களில் 60% குறைந்திருந்தன. எந்த ஓர் ஆய்வு நிலையத்தாலும் தனியே இவ்வளவு இடங்களில் இவ்வளவு நாள் நின்றிருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் தை விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அந்தக் குவியலில் சேர்கிறது.

பயன்பட வேண்டுமானால் சில பழக்கங்கள் தேவை. அரிய பறவையை மட்டும் எழுதாமல், பார்த்த எல்லாவற்றையும், காகத்தையும் மைனாவையும் சேர்த்து, எண்ணிக்கையோடு எழுதுங்கள். இன்று சாதாரணமாக இருப்பது நாளைய பாறாக இருக்கலாம். எத்தனை நிமிடம் நின்றீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதைக் குறியுங்கள். அது இல்லாவிட்டால் பறவை குறைந்ததா, நீங்கள் பார்த்த நேரம் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. இனம் உறுதியில்லையென்றால் உறுதியில்லை என்றே எழுதுங்கள். ஒரே இடத்துக்கு மாதம்தோறும் போவது, பத்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட மதிப்புள்ளது. ஏரிக்குப் போய் வழக்கமாக வரும் வாத்துகள் ஒன்றையும் காணாமல் திரும்பிய நாளிலும் பட்டியலைப் பதிவேற்றுங்கள். பாறுகளின் சரிவைக் கண்டுபிடிக்க உதவியவையும், பல ஆண்டுகளாக ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப எடுத்த கணக்குகள்தான்.